ஆகஸ்ட் பதினாறுக்கு நான்கு வரி

ஸ்ரீரங்கம்,
ஜூலை 9.

பெருமதிப்பிற்குரிய ‘காவேரிக் கதிர்’ நாளிதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். இருபத்தோரு ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்கிப் படிக்கிறவள் என்ற உரிமையில் ஒரு சிறு குறையைத் தெரிவித்துக்கொள்கிறேன். சிறு குறை என்றது மரியாதைக்காக. இதற்கு ஒரு முடிவு தெரியாமல் நான் விடப்போவதில்லை.

தங்கள் இதழின் நான்காம் பக்கத்தில் ‘இதே நாளில்’ என்றொரு பத்தி வருகிறது. அன்று யார் பிறந்தார், எந்த நாடு விடுதலை பெற்றது, எவர் எதைக் கண்டுபிடித்தார் என்று படத்துடன் போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் அன்றைய பத்தியைக் கத்தரித்து பீரோ கதவில் ஒட்டுவது வழக்கம். கல்யாணமான வருடம் என் கணவர் கலையரசன் ஆரம்பித்துவைத்தது. அவர் பிறந்தது டிசம்பர் 22, கணித மேதை ராமானுஜன் பிறந்த தேதி. அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் இவர் பத்தாம் வகுப்புக் கணக்கை மூன்றாவது முயற்சியில் தாண்டியவர். ஆனாலும் அன்று முழுக்க “நாங்க ரெண்டு பேரும்” என்றுதான் பேச்சு. என் மாமியார் சந்திரம்மாள் பிறந்தது ஜூன் 1. அதே தேதியில் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ பிறந்திருக்கிறார். “யாரும்மா இந்தப் பொண்ணு? நல்ல களையா இருக்கா. பாவம், காத்து அடிக்கிற எடமாப் பாத்தா போயி நிக்கணும்?” என்று, படத்தில் அவர் பாவாடை காற்றில் பறப்பதைப் பார்த்துக் கவலைப்பட்ட மாமியார், ரங்கநாதர் படத்துக்கு ஒரு முழம் தள்ளி அவரைத் தம் கையாலேயே ஒட்டிவைத்தார்.

நான் பிறந்தது ஆகஸ்ட் 16. எனக்கு ஒட்ட ஒன்றுமில்லை. ஆகஸ்ட் 15 அன்று அச்சகத்துக்கு விடுமுறை என்பதால் மறுநாள் தங்கள் இதழே வெளிவருவதில்லை. ‘சுதந்திர தின விடுமுறையை முன்னிட்டு நாளை இதழ் வெளிவராது’ என்று முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். இருபத்தோரு ஆண்டுகளாக எனக்குப் பிறந்தநாள் பரிசு அந்தக் கட்டம்தான். “நாடே கொடி ஏத்திட்டு அசந்து தூங்குற நாளாப் பாத்துப் பொறந்துட்டு, பேப்பர் வேற கேக்குறியே இளா!” என்று என் கணவர் வருடம் தவறாமல் சொல்லுவார். வருடம் தவறாமல் அவரே சிரித்தும் கொள்வார். பீரோக் கண்ணாடியில் நான் தலைவாரும்போதெல்லாம் பக்கத்தில் அந்தக் காலியிடம் என்னைப் பார்க்கும். நாற்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் வருத்தப்படலாமா என்று பலநாள் யோசித்தேன். யோசித்துப் பார்த்ததில், வருத்தப்படலாம் என்றுதான் தோன்றியது. வீட்டில் எல்லாருடைய நாளும் நடந்திருக்கிறது, என்னுடையது மட்டும் நடக்கவே இல்லை என்று ஒரு கதவு தினமும் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆகவே போன மாதம் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அந்தப் பத்தியைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியர் நஸ்ருல்லா மிகவும் தன்மையாகப் பேசினார். அதுதான் சிக்கல், சண்டை போட முடியவில்லை.

“மேடம், பதினாறாந் தேதி பேப்பரே இல்லியே, எங்க போடுறது?”

“பதினஞ்சாந் தேதி பேப்பர்லயே சேத்துப் போடுங்களேன்.”

“அன்னிக்கு எனக்கே உக்கார எடம் இருக்காதுங்க. கொடி, தலைவர்கள் வாழ்த்து, ஜவுளிக்கடை விளம்பரம்.”

“அப்ப பதினேழு?”

“பதினேழாந் தேதிக்காரங்க என்னைச் சும்மா விடுவாங்களா? அதுவும் போக, பதினாறுல பெருசா ஒண்ணும் நடக்கலைன்னு நெனைக்கிறேன் மேடம்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் கிடைத்தவர்கள் எல்லாம் அந்தத் தேதியில் காலமானவர்களாகவே இருந்தார்கள். மனம் தளர்ந்துதான் போனது. ஆனாலும் விடாமல் புரட்டினேன். 1960இல் சைப்ரஸ் தீவு விடுதலை பெற்றது ஆகஸ்ட் 16. அதே நாளில் ஜோசப் கிட்டிங்கர் என்ற அமெரிக்க விமானப்படை வீரர் முப்பத்தொரு கிலோமீட்டர் உயரத்தில், பலூனிலிருந்து பாராசூட்டோடு குதித்தார். பாப் பாடகி மடோனா பிறந்ததும் இதே தேதிதான். “உனக்கும் மடோனாவுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் என் கணவர். “உங்களுக்கும் ராமானுஜனுக்கும் உள்ள அதே சம்பந்தம்” என்றேன். அவர் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 1858இல் இதே நாளில்தான் இங்கிலாந்து ராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட கம்பி வழியாக முதல் வாழ்த்துத் தந்தி அனுப்பினார். தொண்ணூற்றெட்டுச் சொற்கள் போய்ச் சேர ஏறக்குறைய பதினாறு மணி நேரம் ஆனதாம். தாமதமானாலும் வந்து சேர்ந்த வாழ்த்து! இப்படிப்பட்ட நாளைப் போய் ஒன்றும் நடக்காத நாள் என்கிறார் நஸ்ருல்லா.

நான் ஒருத்திதானே கேட்கிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். மன்னார்புரத்தில் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களிடம் பெயர், வயது, பிறந்த தேதி கேட்டு எழுதுவது என் வேலை. மூன்று வாரம் காத்திருந்ததில் செல்வமேரி என்ற ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் சிக்கினார். ஆகஸ்ட் 16 என்று அவர் சொன்னதும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் ஏதோ பெரிய வியாதி என்று பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், “எங்க வேணுமோ குடுங்க, கையெழுத்துப் போடுறேன். ஆனா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருக்காங்க, எடத்தை மட்டும் தொட்டுக் காட்டுங்க” என்றார்.

இந்த உற்சாகத்தில், ஆகஸ்ட் 16 அன்று தாங்கள் இதழையே வெளியிட வேண்டும் என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். அதை எங்கள் தெருவில் பேப்பர் போடும் பெரியண்ணனிடம் காட்டியது என் புத்தி. படித்துவிட்டு சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

“அக்கா, எனக்கும் அன்னிக்குத்தான் பொறந்த நாளு.”

“அப்படியா! அப்ப நீங்களும் ஒரு கையெழுத்து...”

“இருங்கக்கா. வருசத்துல நான் வெயில் வர்ற வரைக்கும் தூங்குறது நாலஞ்சு நாளுதான். அதுல ஒண்ணு என் பொறந்த நாளா அமைஞ்சிருக்கு. அன்னிக்குப் போயி பேப்பர் அடிக்கச் சொல்றீங்களே, நல்லா இருப்பீங்களா?”

எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் நாள் நடக்க வேண்டும் என்பதற்காக இன்னொருவரின் நாளைப் பிடுங்கப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதத்தை அவர் கண்ணெதிரிலேயே கிழித்தேன். கிழித்துக்கொண்டிருக்கும்போதே வழியும் தோன்றிவிட்டது. ‘நாளை இதழ் வெளிவராது’ என்ற கட்டத்தை எப்படியும் போடத்தானே போகிறீர்கள்? அதற்குக் கீழேயே ‘நாளை, இதே நாளில்’ என்று நான்கு வரி போடுங்கள். ஜவுளிக்கடையும் நகர வேண்டாம், பெரியண்ணனும் எழுந்திருக்க வேண்டாம். இதற்கு அவரும் கையெழுத்திட்டிருக்கிறார். நான்கு வரிகளையும் நானே எழுதி இணைத்திருக்கிறேன். இந்த ஆண்டு முடியாது என்றால் அடுத்த ஆண்டும் எழுதுவேன். அதற்கடுத்த ஆண்டு நேரில் வருவேன்.

தங்கள் குடும்பத்தார்க்கும், அலுவலகத்தார்க்கும், குறிப்பாக நஸ்ருல்லாவுக்கும் அரங்கன் அருளால் நீண்ட ஆயுளும் தட்டிப்போகாத பிறந்தநாள்களும் வாய்க்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
க. இளவேனில்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை ஜீயபுரத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏண்டி, இதுக்கா இத்தனை ஆட்டம்? நீ பொறந்தது விடியக்காலம் மூணு மணிக்கு. சூரியன் இன்னும் வரலையே, நம்ம வழக்கப்படி முந்தின நாள்தானேன்னு உங்கப்பா பதினாறுன்னு எழுதிட்டாரு. கடிகாரத்துக் கணக்குக்கு நீ பதினேழு” என்றார். நாற்பத்தாறு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ எங்க கேட்ட?” என்றார்.

ஆகஸ்ட் 17 அன்று தங்கள் இதழ் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. பத்தியும் வந்திருக்கிறது. அத்தனையையும் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்து மேலே பருப்பு டப்பா வைத்தவள் நானேதான். போன ஆண்டினுடையது மட்டும் எண்ணெய்க் கறையோடு அகப்பட்டது. இந்தோனேஷியா விடுதலையை அறிவித்த நாளாம். என் கணவர் பசையை எடுத்துக்கொடுத்தார். ஒட்டியாகிவிட்டது.

இருந்தாலும் கோரிக்கையில் மாற்றமில்லை. செல்வமேரி நண்பகலிலும் பெரியண்ணன் சாயங்காலத்திலும் பிறந்தவர்கள், இன்று இருவரிடமும் விசாரித்துவிட்டேன்; எந்தக் கணக்கிலும் அவர்கள் பதினாறுதான். என் கையெழுத்தையும் நீக்க வேண்டாம். என் அப்பா எழுதியது பதினாறு, நான் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. நான்கு வரி வந்ததும் இந்தோனேஷியாவுக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். இடம் இருக்கிறது, அளந்துவிட்டேன்.