பொம்மையின் சம்மதம்

"ஊசி வேண்டாம்மா" என்றது பொம்மை.

சிரிஞ்சைப் பிடித்திருந்த தஹ்மீனாவின் கை அப்படியே நின்றது. மூன்றாமாண்டு நர்சிங் செய்முறைத் தேர்வு. "ஏஐ நோயாளி, புதுசா வாங்கியிருக்கோம், முகத்தை யாரும் தொடாதீங்க" என்று காலையில்தான் பிரின்சிபால் எச்சரித்திருந்தார். கழுத்துவரை போர்வை, மாஸ்க், கறுப்புக் கண்ணாடி சகிதம் அது கட்டிலில் கிடந்தது. புஜத்தில் கட்டிய ரப்பர் பட்டையில் ஊசி குத்த வேண்டும். அதற்குமுன் நோயாளியிடம் சம்மதம் கேட்க வேண்டும். பழைய பொம்மைகள் கேட்டால் வாய் திறக்காது. எல்லோரும் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் தேர்வை முடித்துவிட்டு வந்த தோழி செம்மொழி வராண்டாவில் பெருமையடித்திருந்தாள்.

"கேக்காமலே குத்திட்டேன்டி. மெஷினுக்கு என்ன எதிக்ஸ்? 'அய்யோ'ன்னு கத்துச்சு. கையில வேர்வை வேற! என்னா டெக்னாலஜி!"

தஹ்மீனாவுக்கு அது ஒப்பவில்லை. மெஷினிடம் கேட்காமல் பழகிய கை நாளைக்கு வார்டில் மனுஷனிடமும் கேட்காது என்பது அவள் கட்சி. அதனால் கேட்டாள். வம்பில் மாட்டிக்கொண்டாள்.

"காய்ச்சல் ஊசிதாங்கய்யா. ஒண்ணும் ஆகாது."

"அப்படித்தான் சொல்லுவீங்க. முன்னாடி வந்த பொண்ணு பட்டையத் தாண்டிக் குத்திட்டுப் போயிருச்சு."

விவரமாகச் சொன்னால் வழிக்கு வரும் என்று மருந்தின் பக்கவிளைவுகளை வரிசையாக ஒப்பித்தாள். பொம்மை இன்னும் பயந்துவிட்டது.

"இவ்வளவு இருக்கா? அப்ப மாத்திரையே குடுத்துரு தாயி."

"மறுக்கிற உரிமை உங்களுக்கு இருக்குதுங்கய்யா, ஆனா..."

"இருக்குல்ல? அப்ப மறுக்குறேன்."

திருவாரூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் விஜயலட்சுமி மேடம் பேனாவால் மேசையைத் தட்டினார்.

"அதுகிட்ட என்னம்மா பேச்சு? மெஷின்தானே, குத்திட்டுப் போ. இல்லேன்னா ஃபெயில்."

தஹ்மீனாவுக்கு அத்தாவின் நினைப்பு வந்தது. பேராவூரணி தேங்காய் மண்டியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம்பொண்ணு நர்ஸாகப் போறா" என்று சொல்லி வைத்திருக்கிறார். அவர் முகத்தில் எப்படி முழிப்பது? இருந்தும் சிரிஞ்சை டிரேயில் வைத்துவிட்டாள்.

"வேண்டாம்னு சொன்னவங்களுக்கு நான் போட மாட்டேன் மேடம். மெஷினா இருந்தாலும் சரிதான்."

"சபாஷ்!" என்றது பொம்மை.

"பாராட்டக்கூடத் தெரியுதே!" என்று மேடம் வாயைப் பிளந்தார். அந்த வியப்பு மாறாமலே பேனாவைத் திறந்து, தஹ்மீனா பெயருக்கு நேரே சைபர் போடக் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் ஷேக் பரீத் மூச்சிரைக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேடத்தை அவர் கவனிக்கவேயில்லை. நேரே கட்டிலைப் பார்த்துப் பேசினார்.

"பஞ்சநதம் அண்ணே, ஏஐ பொம்மை இப்பத்தான் லாரியில வந்து எறங்குது. நீங்க எந்திரிச்சு காலேஜ் பஸ்ஸ எடுங்க, ஒரத்தநாட்டுப் பிள்ளைங்க காத்துக் கெடக்குதுங்க!"