மச்சானுக்குப் போகவிருந்த ஈ-ரீடர்

சனிக்கிழமைக்குள் அந்தத் திரையின் மினுக்கத்தை ஒழித்தே தீருவது என்று சிவரூபன் மாஸ்டர் சபதம் எடுத்தார்.

ரொறன்ரோவிலிருந்து தங்கை அனுப்பிய ஈ-ரீடர். கொப்பி அளவு கருவிக்குள் நானூறு நாவல்கள்! ஆனால் ஹற்றனில் மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிடும். லைற் போடாமல் முடியாது. போட்டாலோ, திரையில் குழல்விளக்கும் மாஸ்டரின் வழுக்கையும் போட்டி போட்டு மின்னின. கொலை செய்தவன் யார் என்று பார்க்கப் போனால் அங்கே அவருடைய முகமே தெரிந்தது.

"கண் எரியுது, தயானி" என்று மனைவியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"அப்ப றமணனிட்டைக் குடுங்கோ. தம்பி எத்தினை தரம் கேட்டவன்! சனிக்கிழமை றொசல்லையிலிருந்து வாறான்தானே."

மாஸ்டர் கருவியை மடிக்குள் இழுத்துக்கொண்டார். பெண் எடுத்த வீட்டு மச்சான் ஆசைப்பட்டுக் கேட்டால் எந்த யாழ்ப்பாணத்தானால் இல்லை என்று சொல்ல முடியும்?

"எரிவு நிண்டிட்டுது!"

"கண்ணீர் வடியுதே?"

"கதை சோகம்."

"கொலைக்கதையோ?"

மேசைவிளக்கு ஒன்று வாங்கினார். பழைய தேயிலைப் பெட்டியின் வெள்ளித்தாளை உரித்து அதற்குத் தொப்பி போட்டார். வெளிச்சம் நேரே திரையில் பாய்ந்து அவர் கண்ணுக்கே திரும்பியது. கொஞ்ச நேரம் தயானிகூடப் பச்சையாகத் தெரிந்தாள்.

"மேலை இருக்கிற லைற்றை நிப்பாட்டிப்போட்டு, விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கோவன்."

"உமக்கென்ன தெரியும்?" என்றவர், அவள் குசினிக்குள் போனதும் அப்படியே செய்தார். மினுக்கம் மாயம்! எழுத்தெல்லாம் பளிச்சென்று நின்றது. மூளை என்றால் இதுதான் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை றமணன் வந்தான். மாஸ்டர் வாசலிலேயே மறித்தார்.

"குறை நினைக்கக்கூடாது, றமணன். ஈ-ரீடரை மட்டும் தரேலாது."

"என்ன ரீடர், அத்தான்? மீற்றர் பாக்கிறவரோ?"

"நீர் கேக்கேல்லையே?"

"நான் பேப்பரே வாசிக்கிறேல்லை."

அப்பாடா! மாஸ்டருக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கருவி தப்பியது, அது போதும். தயானி ஏன் பொய் சொன்னாள் என்று பிறகு விசாரிக்கலாம். முன்னறைக்கு ஓடினார்.

அவருடைய சாய்மனைக் கதிரையில், அவர் பூட்டிய வெளிச்சத்தில், தயானி காலை நீட்டி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் பள்ளிக்கூடம் போன நேரமெல்லாம் இந்த மினுக்கத்தோடை நான் பட்ட பாடு! தம்பியின்ரை பேரைச் சொன்ன பிறகுதான் வடிவாத் தெரியுது. தம்பிக்குத் தேத்தண்ணி ஊத்துங்கோ. உங்கடை முறை திங்கட்கிழமை."