தொண்ணூற்றைந்து சதவீதம்

மனிதர்களில் ‘முடிக்கப் போகிறவர்கள்’ என்று ஓர் இனம் இருக்கிறது. தயவுசெய்து இவர்களைச் சோம்பேறிகளோடு சேர்த்துவிடாதீர்கள். சோம்பேறி நிம்மதியாகத் தூங்குவான். முடிக்கப் போகிறவருக்குப் பல் துலக்கும்போதும் வேலை, குளிக்கும்போதும் வேலை, அடுத்தவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் அங்கேயும் மூலையில் உட்கார்ந்து வேலை. ஆரம்பத்தில் புலி, நடுவில் சிங்கம், கடைசிப் பக்கம் கண்ணில் பட்டதும் மட்டும் கைகால் உதறும். எப்போது கேட்டாலும், “முடிஞ்ச மாதிரிதான், ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி” என்பார். அந்தச் சின்ன வேலை போன வருஷம் நீங்கள் கேட்டபோதும் பாக்கி இருந்தது. அதன் வயசுக்கு இந்நேரம் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கலாம்.

இந்த இனத்தின் முத்திரை பதித்த மாதிரியாக ஒருவரைக் காட்டுகிறேன். குடிநீர் வாரியத்தில் உதவிப் பொறியாளர். நீர்வளப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் வாங்க விடுப்பு எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த அம்மணி. பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்த அவருடைய கணவர் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘தொண்ணூத்தஞ்சு’. எவ்வளவு முடிந்தது என்று யார் கேட்டாலும் அம்மணி சொல்லும் பதில் அதுதான். மூன்று மாதம் முன்பும் அதே தொண்ணூற்றைந்து சதவீதம். ஆறு மாதம் முன்பும் அதே. நிமிஷம் பிசகாமல் பஸ்ஸை அனுப்புகிற மனிதருக்கு இப்படி ஒரு மனைவி!

மீதி ஐந்து சதவீதம் என்ன என்று கேட்கிறீர்களா? ஒரு புள்ளி.

ஊருக்குப் பின்னால் ஓடும் ஓடையில் மழைக்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதுதான் ஆய்வு. பாலத்தடியில் கோடு போட்ட பலகை ஒன்றை நட்டு, பதினாலு மாதம், வாரம் தவறாமல், சனிக்கிழமைதோறும் முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு கையில் குடையும் மறு கையில் நோட்டுமாக அளந்து, அறுபது புள்ளிகளை வரைபடத்தில் வைத்தார் அம்மணி. ஐம்பத்தொன்பது புள்ளிகள் சொன்ன பேச்சைக் கேட்டுக் கோட்டோரமாக உட்கார்ந்துகொண்டன. இருபத்தேழாவது மட்டும் பஸ் கூரைமேல் ஏறிவிட்ட பயணி மாதிரி உச்சியில் நின்றது. அந்த வாரம் சனிக்கிழமை காய்ச்சல். செவ்வாய்க்கிழமை போய் அளந்திருந்தார். மழையே இல்லை. தண்ணீர் மட்டும் ஒரு முழம் ஏறியிருந்தது.

வேறு யாராவது என்றால் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். அம்மணி அதற்காக ஓர் அத்தியாயமே எழுதினார். ஐந்தாம் அத்தியாயம், முப்பத்தெட்டுப் பக்கம், வண்ணப் படங்களோடு. ஓடைக்கு அடியில் இதுவரை யாரும் அறியாத நிலத்தடி ஊற்று ஒன்று இருக்கக்கூடும், அவ்வப்போது பொங்கக்கூடும். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, “இதுதாம்மா உங்க தீசிஸுக்கே உயிர்” என்று சொல்லிவிட்டார். கேட்க வேண்டுமா? ஊற்று மேலும் பொங்கியது.

கடைசி நாளும் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிவைத்த நாள். இதையும் விட்டால் பதிவு ரத்து. இரண்டு வருஷம் ஓடையோடு போயிற்று.

காலையில் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்: “பிரின்ட் எடுக்க வேண்டியதுதானே?”

“எடுத்துடலாங்க. ஓடையை ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்.”

“ஓடை எங்க போயிடப் போகுது?”

“அது போய்க்கிட்டேதாங்க இருக்கு.”

ஸ்கூட்டர் பறந்தது. பாலத்தடியில் இறங்கிப் பலகையைப் பார்த்தார் அம்மணி. இரண்டு வாரமாகச் சொட்டு மழை இல்லை. தண்ணீர் ஒரு முழம் ஏறியிருந்தது. ஊற்று! தன் ஊற்று! பொங்கிவிட்டது! செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கரையோரப் புதரையெல்லாம் விலக்கிக்கொண்டு, மேலே மேலே ஓடினார். போகப் போக ஒரு வாசனை வந்தது. நிலத்தடி ஊற்றில் பிளீச்சிங் பவுடர் வாசனை வருமா?

ஒரு பெரிய குழாய் குபுகுபுவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே மதில். மதில்மேல் நீளத் துடைப்பத்தோடு ஒருவர்.

“அண்ணே, இது என்ன தண்ணி?”

“நீச்சல் குளத்துத் தண்ணிம்மா. மாசத்துல முதல் செவ்வாய்க்கிழமை திறந்து விட்டுட்டுக் கழுவுவோம்.”

“எவ்வளவு நாளா?”

“நான் வந்தே பன்னெண்டு வருஷம் ஆகுது.”

அம்மணி நோட்டைப் புரட்டினார். இருபத்தேழாவது புள்ளி. முதல் செவ்வாய்க்கிழமை.

“இதை ஏண்ணே யாருமே சொல்லலை?”

“யாருமே கேக்கலையேம்மா.”

அம்மணி கரையில் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார், விக்கல் வரச் சிரித்தார். மேலே இருந்தவர் பயந்துபோய், “வீட்டுல யாருக்காவது போன் போடவாம்மா?” என்றார். அப்போதுதான் முப்பத்தெட்டுப் பக்கம் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றது.

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. கணவர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மணி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

“இது சாருக்குத் தெரியாது. தேர்வாளருக்கும் தெரியாது. துடைப்பக்கார அண்ணன் என் தீசிஸைப் படிக்கப் போறதில்ல. அப்படியே குடுத்துட்டா என்னங்க?”

கணவர் செருப்பில் காலை நுழைத்தார். “வராத பஸ்ஸை வந்துச்சுன்னு நோட்டுல எழுத முடியாதும்மா. நாலு மணி. மூணரைக்கு வரேன்.”

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

அம்மணி முப்பத்தெட்டுப் பக்கங்களையும் தேர்ந்தெடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு விசையை அழுத்தினார். அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை, கல்யாண வீட்டு நகையையெல்லாம் கழற்றி வைத்த மாதிரி உடம்பு லேசாயிற்று. ஒரே வரி எழுதினார்: ‘இருபத்தேழாம் அளவு, நீச்சல் குளம் திறந்துவிடப்பட்ட நாளுக்குரியது, மழைக்குச் சம்பந்தமில்லை.’ அதன் பிறகுதான் பொருளடக்கம் கலகம் செய்தது. நாலாம் அத்தியாயத்துக்குப் பின் ஆறாவது வந்தது, எழுபதாம் பக்கத்துக்குப் பின் நூற்றொன்பது வந்தது, படங்கள் இருந்த இடத்தில் இல்லை, இல்லாத இடத்தில் இரண்டிரண்டாக இருந்தன. எல்லாவற்றையும் காதைப் பிடித்து உட்காரவைத்து, அச்சடித்து, பைண்டிங் செய்து, பசை காயாத நாலு பிரதிகளோடு கணவரின் பின்னால் ஸ்கூட்டரில் ஏறியபோது மணி மூன்று நாற்பது.

பல்கலைக்கழக அலுவலகத்தில் குமாஸ்தா முத்திரைக் கட்டையை மையில் ஒற்றிக்கொண்டிருந்தார். மூன்று ஐம்பத்தெட்டு. அம்மணி சும்மா ஒரு தடவை நன்றியுரைப் பக்கத்தைத் திறந்தார். ‘பொறுமையே உருவான என் கணவருக்கு’ என்று இருக்க வேண்டிய இடத்தில், கணினி தன் சொந்த அறிவைக் காட்டி, ‘எருமையே உருவான என் கணவருக்கு’ என்று திருத்தி வைத்திருந்தது.

“சார், ஒரே நிமிஷம்! ஒரே ஒரு பக்கம் மட்டும்...” என்று பிரதிகளைப் பிடித்து இழுத்தார். குமாஸ்தா கட்டையைத் தூக்கியபடி தயங்கினார்.

டியூட்டி உடுப்போடேயே வந்திருந்த கணவர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார்.

பஸ் நிலையத்துக்கே போதுமான ஊதல். குமாஸ்தா நாற்காலியோடு எழும்பினார். கட்டை கையிலிருந்து நழுவி, ‘டப்’பென்று ஆய்வேட்டின்மேல் விழுந்தது. தேதியோடு, நேரத்தோடு, வட்ட முத்திரை.

“ஐயோ, உங்களை எருமைன்னு போட்டிருக்குங்க!”

கணவர் பக்கத்தைப் படித்தார். மூடினார். “இருக்கட்டும். வண்டி கிளம்பிடுச்சு.”

இரண்டு மாதம் கழித்துத் தேர்வாளரிடமிருந்து பிரதி திரும்பி வந்தது. இரண்டே இடத்தில் பென்சில் குறிப்பு. நீச்சல் குள வரிக்குப் பக்கத்தில், ‘இந்த ஆய்வேட்டின் மிக நல்ல வரி.’ நன்றியுரைக்குப் பக்கத்தில், ‘ஆதாரம் தேவை.’

அம்மணி தேறிவிட்டார். ஆனால் இனம் அழிந்துவிடவில்லை. கொல்லைச் சுவருக்குப் பாதி வெள்ளையடித்தவர், ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து மட்டும் போடாதவர் என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். அது சரி, நீங்கள் என்ன இவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறீர்கள்? இதைக் கையில் எடுக்கும்போது பக்கத்தில் ஏதோ ஒரு வேலையைத் திறந்து வைத்துவிட்டு, ‘இதை மட்டும் படிச்சுட்டு’ என்றுதானே உட்கார்ந்தீர்கள்?

படித்தாயிற்று. எழுந்திருங்கள்.