லொறிக்கு வரி, அழகமுத்துவுக்கு வயிற்றெரிச்சல்

கட்டுகஸ்தோட்டை அழகமுத்து முதலாளியின் லொறி அவர் பெயரில் இல்லை. அவர் ஜாதகத்துக்கு இரும்பு ஆகாதாம். எந்த ஜோசியக்காரன் கிளப்பி விட்டானோ, கேட்ட கையோடு லொறியை மனைவி சுந்தரி பெயருக்கு எழுதிவிட்டார். தெல்தெனியவில் மிளகு ஏற்றி அக்குறணைக் கடைகளில் இறக்கும் லொறி அது. லாபம் வந்தால் "என் லொறி." வருஷா வருஷம் வரி கட்டி லைசன் புதுப்பிக்கிற நாள் வந்தால் மட்டும், "உன் பேர்லதானே இருக்கு, நீயே போ."

போகவேண்டியது கண்டிக் கச்சேரிக்கு. பாட்டுக் கச்சேரி இல்லை, அரசாங்கக் கச்சேரி. அங்கே முத்திரை குத்துகிற தாளம் ஒன்றுதான் கேட்கும். அதற்கு முன்னால் புகைச் சோதனை, தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். எல்லா வாசலிலும் போலிம், அனுமார் வால் மாதிரி வரிசை. அதில் நின்று நின்று சுந்தரிக்குக் கால் வீங்கிப்போகும். ஐயா அன்றைக்கு முழுக்கக் கதிரையில் சாய்ந்து கிரிக்கெட் பார்ப்பார்.

இந்த வருஷமும் லைசன் முடிகிற நாள் வந்தது. பகல் சோற்றைப் போட்டபடி சுந்தரி சொன்னாள்:

"நாளைக்குக் கச்சேரிக்குப் போகணும். அந்த மாம்பழக் கலர் சேலைய இஸ்திரி போட்டு வைக்கணும்."

"வரி கட்டத்தானே போற. அதுக்கு எதுக்கு அந்தச் சேல?"

"போன வருஷம் திருச்செல்வம் சார் நல்லாயிருக்குன்னு சொன்னாரு."

அழகமுத்துவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"எந்தத் திருச்செல்வம்?"

"ஜன்னல்ல இருக்கிற கிளார்க்கு. யாழ்ப்பாணத்துக்காரர். என்னக் கண்டதும் 'ஓம் ஓம், வாங்கோ, இருங்கோ'ன்னு கதிரை எடுத்துப் போடுவாரு. பிளேன்டீயும் வரும்."

"கவர்மெண்ட் ஒப்பீஸ்ல பிளேன்டீயா?"

"அவரு மீசைய ஒதுக்கி வச்சிருக்கிற அழகே தனி. ரசம் ஊத்தவா?"

ரசம் யாருக்கு வேண்டும்? எழுந்துபோய்க் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்தார். தேய்ந்துபோன பல் பிரஷ் மாதிரி இருந்தது. இந்த மீசையைப் பற்றி இவள் என்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாளா?

"நாளைக்கு நான் போறேன்."

"ஐயோ, லொறி என் பேர்லதானே இருக்கு?"

"புருஷன் போனா வாங்க மாட்டானா?"

"யார் வேணும்னாலும் வந்து கட்டலாம்னு போன வருஷந்தான் சொன்னாங்க. ஆனா உங்களுக்கு இரும்பு ஆகாதே."

"இரும்பாவது கரும்பாவது. அந்த ஆள நான் பாக்கணும்."

சுந்தரி தலையைக் குனிந்துகொண்டு ரசச் சட்டியை மூடினாள்.

மறுநாள் விடியுமுன்பே முதலாளி மீசைக்கு மை அடித்தார். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டார். புகைச் சோதனையில் லொறி ஒரு செருமு செருமியது. சட்டை பாதி கறுப்பாயிற்று. வெயிலில் மை வழிந்து தாடையும் கறுப்பாயிற்று. அந்தக் கோலத்தில் கச்சேரி வரிசையில் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். முன்னால் நின்றவர் அக்குறணை மிளகுக் கடை பாயிஸ் அண்ணன், ஊர் வழக்கில் பாயிஸ் நானா.

"பாயிஸ் நானா, திருச்செல்வம் எந்த ஜன்னல்?"

"ஆரு அது?"

"கிளார்க்கு. வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் கதிரை போடுற கிளார்க்கு."

"கதிரையா? நானும் எத்தன வருஷமா வாரேன், சாஞ்சு நிக்க ஒரு செவுருகூட கெடச்சதில்ல. இந்த ஜன்னல்ல எப்பவும் பொம்பளைக் கிளார்க்குதான். திருச்செல்வம்னு ஒரு ஆளே இல்ல."

அழகமுத்துவுக்கு லைசனும் கிடைத்தது, உயிரும் வந்தது. கூடவே கோபமும் வந்தது. கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்க, வீட்டுக்கு ஏறி வந்தார். அவருடைய கதிரையில் சுந்தரி காலை நீட்டிப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள். டிவியில் கிரிக்கெட்.

"அங்க திருச்செல்வம்னு ஒருத்தனும் இல்ல."

"இல்லதான்."

"கதிரையும் இல்ல."

"அதுவும் இல்லதான். இத்தன வருஷமா நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாளாவது கால் வலிக்குதான்னு கேட்டீங்களா?"

அழகமுத்துவுக்கு ஆம்பிளை ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனிமே உன் கட்டுக்கதை எதுவும் என்கிட்ட எடுபடாது, தெரிஞ்சுக்க."

"சரிங்க. நீங்க உக்காருங்க. நாளைக்கு மார்க்கட்டுக்கு நானே போய்க்கிறேன். மரக்கறிக் கடையில புதுசா ராஜலிங்கம்னு ஒருத்தர் வந்திருக்காரு. என்னமாச் சிரிச்சுப் பேசுறாரு."

ராஜலிங்கம் என்று யாரும் இல்லை. அது அழகமுத்துவுக்கு நன்றாகவே தெரியும். டிவியைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

"மார்க்கட் பேக்க எங்க வச்சிருக்க?" என்றார்.