வெதுவெதுப்பை ரிஜெக்ட் செய்த சாக்பீஸ் அண்ணன்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே, கழுத்தில் மாலையோடு சமையல்கட்டுக்குள் போய், தன் கல்யாணச் சட்னியைத் தானே ரிஜெக்ட் செய்த மாப்பிள்ளை ஒருவர்தான். அவர் எங்கள் சாக்பீஸ் அண்ணன். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். பீளமேட்டில் நான் வேலை செய்த பம்பு கம்பெனியில் அது ஒருவருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளில் அங்கே நான் லேத் ஓட்டினேன். லேத் என்றால் இரும்பைச் சுற்றவிட்டுச் சீவுகிற மெஷின், கண்ணுகளா. பம்புக்குள் சுற்றுகிற ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டை அதில்தான் கடைவேன். சாக்பீஸ் அண்ணன் சரக்கைச் சோதிக்கிற இன்ஸ்பெக்ஷனில் இருந்தார். கையில் எப்போதும் சிவப்பு சாக்பீஸ். வார்ப்பில் ஒரு துளை, ஒரு கீறல் இருந்தால் போதும், சரக்கென்று ஒரு பெருக்கல் குறி. குறி விழுந்தது நேரே உடைசல் குவியலுக்குப் போய்விடும். மொதலாளியின் மச்சினன் பட்டறையிலிருந்து வந்த சரக்கு என்றாலும் போகும்.

"கண்ணுக்குத் தெரியற ஓட்டை நல்ல ஓட்டைங்க. கம்முனு கெடக்கும். தெரியாத ஓட்டைதான் கெணத்துக்குள்ள போயி வாயத் தொறக்கும்" என்பார்.

இந்தக் கொள்கையைப் பம்போடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி நான் எழுத வேண்டியதே இல்லை. சோற்றுக்கும் கொண்டுவந்தார்.

கல்யாணத்தன்று நடந்ததை அவர் சம்சாரமே எனக்குச் சொன்னது. முகூர்த்தம் முடிந்து ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம் எல்லாம் டிபனுக்கு உட்காரும் நேரம். மாப்பிள்ளையைக் காணோம். தேடிப்போனால் சமையல்கட்டில் அண்டா முன்னால் நிற்கிறார்.

"ஏனுங் மாமா, இந்தத் தேங்காச் சட்னி எப்ப ஆட்டுனதுங்க?"

"நேத்துப் பொழுதோடயே ஆட்டிப்போட்டோமுங்க மாப்பிள்ளை. வெடியால வேலை மிச்சமுங்களே!" என்று மாமனார் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

பட்டு வேட்டி மடிப்பிலிருந்து சாக்பீஸ் வந்தது. அண்டாவில் பெருக்கல் குறி விழுந்தது. இருநூறு பேர் இட்லிக்குப் பொடியும் எண்ணெயும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"எல்லா மாப்பிள்ளையும் தாலி கட்டுனதும் பொண்டாட்டி மொகத்தப் பாப்பாங்க கண்ணு. இவுரு அண்டாவப் பாத்தாரு. அன்னிக்கே என்ற தலையெழுத்து எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று அந்த அக்கா சொல்லும்போது, அண்ணன் கொஞ்சங்கூடக் கூச்சப்படாமல் ரசத்தை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

பெரிய இடம் சின்ன இடம் என்ற பேதம் அவருக்கு இல்லை. ஒருமுறை மொதலாளி எங்களை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். குருமாவை அண்ணன் விரலால் தொட்டுப் பார்த்தார். "இது நம்மளுக்கு முன்னால வந்து ரொம்ப நேரமா காத்துக்கெடக்குதுங்க" என்று எழுந்துவிட்டார். நாங்கள் வெளியே வந்தபோது ரோட்டோரத் தள்ளுவண்டியில் நின்று, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையை வாயில் போட்டு, நாக்கு வெந்து குதித்துக்கொண்டிருந்தார். "இது பாஸ்" என்றார், கண்ணில் தண்ணியோடு.

சரி, இப்போது எங்கள் கம்பெனிக்கே உரிய ஒரு முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, அதை உலர்த்த பீரோ அளவில் ஒரு ஓவன் இருந்தது. உள்ளே நெருப்பாய்ச் சுடும். அதன் தலைமேல் மட்டும் பதமான வெதுவெதுப்பு. நாங்கள் காலை எட்டு மணிக்கு வந்ததும் சாப்பாட்டு டப்பாக்களை அந்தத் தலைமேல் வரிசையாக அடுக்கிவிடுவோம். மத்தியானம் ஒரு மணிக்கு எடுத்தால் சோறு இளஞ்சூடாக இருக்கும். காசு செலவில்லாமல் சூடான சாப்பாடு! நம்மை மாதிரிக் கெட்டிக்காரன் உண்டா என்று நினைத்துக்கொள்வோம்.

கெட்டிக்காரர்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவு போடுவார்கள். சூட்டு உடம்பு என்பான் ஒருத்தன். கண்ணுப்பட்டுப் போச்சு என்பான் இன்னொருத்தன். "சிறுவாணித் தண்ணி குடிக்கறவனுக்கு வயிறு கெடுமாய்யா? இது என்னமோ செய்வினை" என்றும் ஒருத்தன் சொன்னான். அண்ணன் மட்டும் தினமும் வந்து எல்லா டப்பாவிலும் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவார். நாங்கள் சட்டைக் கையால் துடைத்துவிட்டுச் சாப்பிடுவோம். அதிகம் சிரித்தவன், அதிகம் துடைத்தவன், அடியேன்தான்.

எனக்கோ அது உயிர்போகிற காலம். நான் தினக்கூலி. வராத நாளுக்குக் கூலி கிடையாது. வீட்டில் கைக்குழந்தை. "முப்பது நாளு ஒரு லீவு இல்லாம வந்து காட்டு, உன்னைப் பர்மனென்ட் பண்ணிப்போடறேன்" என்று மொதலாளி சொல்லியிருந்தார். முதல் தடவை பத்தொன்பதாம் நாள் வயிறு போனது. இரண்டாம் தடவை இருபத்துநாலாம் நாள். அந்தத் தடவை மூன்று நாள் படுக்கை, கையில் குளுக்கோஸ் ஊசி. என்னைப் பார்த்துக்கொள்ள மனைவியும் மில்லுக்கு லீவு போட்டாள். வீட்டில் இரண்டு கூலி போய், ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவள் கம்மலும் போனது. மேட்டுப்பாளையத்திலிருந்து மாமனார் வந்து, "பேசாம நம்ம உருளைக்கெழங்கு மண்டிக்கு மூட்டை தூக்க வந்துபோடுங்க மாப்பிள்ளை" என்று ஆறுதல் சொன்னார்.

திரும்பி வந்த அன்று மொதலாளி ஒரே வார்த்தைதான் சொன்னார். "இதுதான் கடேசித் தடவை."

நான் லேத் பக்கம் தலைகுனிந்து நின்றேன். சாக்பீஸ் அண்ணன் வந்தார்.

"தம்பி, உன்ற டப்பாவுல இருந்த பீன்ஸ் பொரியலால பொங்கலூர்ல ஒருத்தரோட தக்காளித் தோட்டம் காஞ்சு கெடக்குது, தெரியுமா?"

"என்னங்கண்ணா சொல்றீங்க?"

"நீ படுத்துட்டே. லேத்து நின்னுபோச்சு. ஷாஃப்ட்டு வரல. ஷாஃப்ட்டு இல்லாம பம்பு பூட்டற அசெம்ப்ளியில நாலு பேரு ஈ ஓட்டுனாங்க. பம்பு போகல. பம்பு போகாம அந்த மனுசன் கெணத்துல தண்ணிய வெச்சுக்கிட்டு வானத்தப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. ஒரு கரண்டிப் பொரியலு தம்பி! எத்தன பேரு வவுத்துல அடிச்சுதுன்னு பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளிலிருந்து மத்தியானம் அவருடைய சைக்கிள் கேரியரில் நான். அவர் வீடு பத்து நிமிஷத் தூரம். அக்கா அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு தட்டில் போடும். அதற்கு முன்னால் கை பரிசோதனை. நாங்கள் மண்ணெண்ணெயில் கிரீஸைத் துடைத்துவிட்டு அதைக் கை கழுவியது என்று சொல்லிக்கொள்கிறவர்கள். அண்ணன் சோப்பைக் கொடுத்து, நகம் நகமாகப் பார்ப்பார். இரண்டு முறை என் கட்டைவிரலை ரிஜெக்ட் செய்திருக்கிறார்.

"சாப்புட உடுங்க, புள்ளை பசியில நிக்குது" என்று அக்கா சத்தம் போடும்.

"ரீவொர்க் முடியட்டும் அம்மணி" என்பார். தள்ளிய சாமானைத் திருத்துவதற்குக் கம்பெனியில் அதுதான் பேர்.

இப்படி இருபத்தெட்டு நாள் முடிந்தது. வயிறு தன் வேலையைத் தான் பார்த்தது.

இருபத்தொன்பதாம் நாள்தான் வினை வந்தது. அன்று மொதலாளி பேத்திக்குக் காது குத்து. வேலையாட்களுக்கும் விருந்து அனுப்பினார். பெரிய அண்டா நிறைய அரிசியும் பருப்பும் போட்ட சாதம், மேலே நெய். வேன் அடுத்து கோயிலுக்குச் சொந்தக்காரர்களை ஏற்றிப்போக வேண்டும் என்பதால் காலை எட்டு மணிக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டது. எங்கள் கெட்டிக்காரர்கள் நாலு பேர் தம் கட்டி அதைத் தூக்கி எங்கே வைத்தார்கள்? ஓவன் தலைமேல்தான். சாக்பீஸ் அண்ணன் காலையிலிருந்து வெளியே இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் வார்ப்பு பார்க்கப் போயிருந்தார்.

ஒரு மணிக்கு மொதலாளி நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். கீழே இறக்கிவைத்த அண்டா முன்னால் நின்று, தன் கையாலேயே பரிமாறுவதாகக் கரண்டியை எடுத்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா கண்ணு. நாளைக்கு முப்பதல்லோ? நீதான் மொதல்ல வாங்கோணும்."

தட்டோடு நின்றேன். சாப்பிட்டால் நாளைக்கு என்ன ஆகுமோ. வேண்டாம் என்றால் இன்றைக்கே என்ன ஆகுமோ. நெய் வாசம் வேறு மூக்கைப் பிடித்து இழுத்தது. கை தானாகத் தட்டை நீட்டியது.

சரக்!

எனக்கும் கரண்டிக்கும் நடுவில் ஒரு கை நுழைந்து, அண்டாவின் வயிற்றில் சாண் நீளத்துக்குப் பெருக்கல் குறி போட்டது. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த வேர்வை அண்ணன் முகத்தில் வழிந்தது.

வரிசையில் நின்ற அறுபது பேரும் மொதலாளி முகத்தைப் பார்த்தார்கள். அவர் நெற்றித் திருநீறு லேசாக உதிர்ந்தது.

"ஏனய்யா, எங்கூட்டு அம்மணி வெடியால எந்திரிச்சுச் செஞ்ச சோத்துக்கா பெருக்கல் குறி?"

"அம்மணி செஞ்சப்ப அது தங்கமுங்க. அஞ்சு மணி நேரமா இந்த ஓவன் மேல வெச்சு நாமதான் கெடுத்துப்போட்டோம்."

"சோத்துல குத்தம் சொல்லவா உனக்குச் சம்பளம் குடுக்கறேன்?"

"இல்லீங்க."

"கணக்கு முடிச்சு வாங்கிட்டுப் போறியா?"

"அது உங்க இஷ்டமுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், சொல்லிப்போடுங்க. ஒரு சொட்டு மோரு உட்ட பாலை இந்த ஓவன் மேல வெச்சா பொழுதுக்குள்ள என்னாகுமுங்க?"

மொதலாளி யோசித்தார். "தயிராகும்."

"கொதிக்கற பால்ல உட்டா?"

"தோயாது."

"ஐஸ் பொட்டியில வெச்சா?"

"தோயாது."

"அப்ப தயிருக்கு இந்த எதமான சூடு வேணுமுங்க. தயிரு தோய வெக்கறவன் நல்ல கிருமி. அதே எதத்துல கெட்ட பயலுகளும் குடும்பத்தோட வந்து குடியேறுவானுங்க. அவனுகளுக்கு இது கல்யாண மண்டபமுங்க. அஞ்சு மணி நேரமா உள்ள விருந்து நடந்துபோச்சு. நம்ம பந்தி இனிமேல்தான்."

பின்னால் எவனோ சிரித்தான். மொதலாளி திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

"சரி. நாளைக்கு எவனுக்கும் ஒண்ணும் ஆகலீன்னா?"

"எவனும் சாப்புடலீன்னா ஒண்ணும் ஆகாதுங்க."

"அப்ப நீ சொல்றது நெசமா பொய்யான்னு எப்படித் தெரியறது?"

"தெரியாதுங்க. ஒழுகாத பம்பப் பாத்து எவனாச்சும் இன்ஸ்பெக்டருக்குக் கும்புடு போட்டிருக்கானுங்களா?"

மொதலாளி ஓவன் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. ரொம்ப நேரம் எடுக்கவில்லை. சுட்டிருந்தால் எடுத்திருப்பாரே! பிறகு கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார். "குழி வெட்டிக் கொட்டுங்கடா. நாய் வாய் வெக்காம மண்ணத் தள்ளுங்க. என்ற ஊட்டு அம்மணி கேட்டா அத்தன பேரும் ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டீங்க. மாத்திச் சொன்னவனுக்கு போனஸ் இல்லை."

வேன் போய்ப் பன்னும் வாழைத்தாரும் கொண்டுவந்தது. அண்ணன் ஒரு பழத்தை உருட்டி உருட்டிப் பார்த்தார். "சாமி பேக்கிங் பண்ணி அனுப்புன ஐட்டம். பாஸ்" என்றார். அறுபது பேரும் உட்கார்ந்து பன்னைத் தின்றோம்.

மறுநாள் அறுபது பேரும் வேலைக்கு வந்தார்கள். அதுதான் அண்ணனுக்கு வினையாகப் போயிற்று. "பாத்தீங்களா? ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. நல்ல சோத்த நாசம் பண்ணிப்போட்டாரு" என்று ஒரு வாரம் பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஓவன் தலைமேல் கூரை மாதிரிச் சரிவாகத் தகடு வைத்து வெல்டிங் செய்ய ஆளை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு எவன் டப்பா வைத்தாலும் வழுக்கிக் கீழே விழுந்தது. சாப்பாட்டு மணியைப் பன்னிரண்டாக்கினார் மொதலாளி. அதற்கப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவு கேட்டவர்கள் ரொம்பக் குறைச்சல். கண்ணுப்படுவது நின்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

கண்ணுகளா, நான் எட்டாவதோடு நின்றவன். கிருமிகளின் பேரெல்லாம் உங்கள் டீச்சர்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சமைத்ததைச் சுடச்சுடச் சாப்பிடுங்கள், வெதுவெதுப்பாக நாள் முழுக்கக் கிடந்ததைத் தொடாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கட்டைவிரலை மறக்க வேண்டாம்.

முப்பதாம் நாள் சாயங்காலம் பர்மனென்ட் காகிதம் என் கைக்கு வந்தது. அண்ணனிடம் ஓடினேன். அவர் வார்ப்பு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எனக்காகத்தானுங்களே மொதலாளியவே எதுத்து நின்னீங்க? வேலையே போயிருக்குமே!"

"உனக்காகன்னு யாரு சொன்னா?" என்றார், நிமிராமல். அடுத்த வார்ப்பைப் புரட்டினார். "நீ கடைஞ்ச ஷாஃப்ட்டுல இன்னிக்கு வரைக்கும் நான் ஒண்ணக்கூடத் தள்ளுனதில்ல தம்பி. அந்தக் கையக் கெழங்கு மூட்டை தூக்க அனுப்ப எனக்கு மனசு வரல. போ, போயி வேலையப் பாரு."

போனேன். அன்று எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் நான் லேத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், அதில் ஒரு பொட்டு அழுக்கு இல்லாவிட்டாலும்.