முப்பத்தெட்டாவது கையெழுத்து

ஒரு பொருளை இலவசமாகக் கொடுப்பதற்காக இத்தனை பேரைத் துன்புறுத்திய மனிதர் பெங்களூரில் வேறு யாரும் இருக்க முடியாது. எங்கள் கல்லூரி நூலக உதவியாளரான அவரை எல்லோரும் ஸ்கேனர் என்றுதான் கூப்பிட்டோம். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கல்லூரி ஆய்விதழின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் ஏற்றச் சொன்னார் முதல்வர். “எழுதினவங்க சம்மதம் வாங்கிக்கோங்க” என்று போகிற போக்கில் சொல்லியும் வைத்தார். மின்னஞ்சலில் கேட்டாலே போதும். ஸ்கேனருக்குப் போதவில்லை. நீல மையில் கையெழுத்து வேண்டும். மொத்தம் முப்பத்தெட்டுக் கட்டுரையாளர்கள்.

வைட்ஃபீல்டில் மகள் வீட்டிலிருந்த பொருளாதாரப் பேராசிரியரை, காவலாளி உள்ளே விடாததால், மூன்று மணி நேரம் வாசலில் காத்திருந்து பிடித்தார். இன்னொருவரைப் பிடித்தது கல்யாணப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே. அந்தப் படிவத்தில் இன்றும் மஞ்சள் கறை இருக்கிறது.

மண்புழுவின் செரிமானம் பற்றி எழுதியவர் காலமாகிவிட்டார். “அவர் என்ன எழுதினார்னே தெரியாது. படிச்சுக் காட்டுங்க, போடறேன்” என்றாராம் அவர் மனைவி. இருபத்திரண்டு பக்கம். நான்காம் பக்கத்தில் அம்மாள் தூங்கிவிட்டார். மிச்சப் பக்கங்களை ஸ்கேனர் எழுப்பி எழுப்பிப் படித்தார்.

முப்பத்தேழு முடிந்தது. முப்பத்தெட்டாவது ஆள் நான்.

பொம்மனஹள்ளியில் என் வீட்டுக்குப் பதினாறு முறை வந்தார். நான் எண்ணினேன்.

“வெப்சைட்ல உங்க எடம் மட்டும் ஓட்டைப் பல்லு மாதிரி தெரியுது சார். ஒரு சைன்.”

“அப்புறம் பார்க்கலாம்பா. பி.பி. ஏறியிருக்கு.”

“பேனா தூக்க என்னா பி.பி. சார்? வெளிநாட்டுக்காரன் ஒரு கட்டுரை படிக்க டாலர் கேக்கறான். நாம சும்மா குடுக்கறோம். குடுக்க விடமாட்டேன்றீங்களே!”

என் மனைவி கோமதி எப்போதும் அவர் கட்சி. “போட்டுத் தொலைங்களேன். ஓசூர் ரோடு டிராஃபிக்ல பாவம் அவரு வர்றாரு.”

போட முடியாது. நான் புள்ளியியல் ஆசிரியன். படிகள், இட்லிகள், தும்மல்கள் எல்லாவற்றையும் எண்ணுகிறவன். வாழ்நாளில் நான் எழுதிய ஒரே கட்டுரை, கல்லூரி மரங்களில் அடையும் காகங்களின் எண்ணிக்கை பற்றியது. அச்சாகி ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது: வாசல் பக்கமிருந்து எண்ணிய ஆறாம் மரமும், மைதானப் பக்கமிருந்து எண்ணிய பதினோராம் மரமும் ஒரே மரம். அலமாரியில் கிடந்தவரை மானம் தப்பியது. உலகமே படித்தால்?

பதினேழாவது முறை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

“எந்த மரம் சார்?” என்றார்.

“கேட் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரம்.”

“கெளம்புங்க. மறுபடி எண்ணி, திருத்தம்னு ஒரு பக்கம் எழுதி முன்னாடி சேத்துடலாம். அச்சுலதான் முடியாது, இணையத்துல முடியும்.”

“இத்தனை வருஷம் கழிச்சா? அது வேற காக்காப்பா!”

“மரம் அதேதானே சார்?”

அன்று மாலையே மரத்தடியில் நின்றோம். வாசல் காவலாளி ஓடி வந்து, என்ன செய்கிறோம் என்று கன்னடத்தில் கேட்டார். “ஏன் மாட்தா இதீரா சார்?”

“காகெ எணிஸ்தா இதீவி” என்று, காகம் எண்ணுவதைக் கன்னடத்திலேயே அறிவித்தார் ஸ்கேனர், வங்கி அதிகாரி மாதிரி. காவலாளி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

காகங்கள் மேலிருந்து தம் கருத்துகளைப் பொழிந்தன. ஸ்கேனர் குடையை என் தலைக்குப் பிடித்தார். அவர் தலை திறந்தே இருந்தது. எண்ணி முடித்தபோது என் கணக்கில் அறுபத்தொரு காகங்கள், அவர் கணக்கில் அறுபத்து மூன்று.

“ரெண்டு போட்டுக் குடுங்க சார்” என்றார்.

“பேரம் பேசற விஷயமா இது?”

மூன்றாம் முறை அறுபத்திரண்டில் ஒத்துப்போனோம். திருத்தம் எழுதினேன். “கடைசிப் பக்கத்துல போடக் கூடாதா?” என்று கெஞ்சினேன்.

“முதல் பக்கம்தான் சார். முப்பத்தெட்டு பேர்ல தப்பு பண்ணது நீங்க மட்டுமா? சொன்னது நீங்க மட்டும்.” சட்டைத் தோளில் நான்கு வெள்ளைக் கோடுகளோடு சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம், முன்பின் தெரியாத ஓர் ஆராய்ச்சி மாணவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். கட்டுரையையும் திருத்தத்தையும் படித்தாளாம். ஒரே மரத்தை இரண்டு முறை எண்ணாமலிருக்க வழி கேட்டிருந்தாள். இரண்டு நாள் யோசித்துப் பதில் எழுதினேன்: “தனியாகப் போகாதே அம்மா. குடையை உன் தலைக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைகிற ஓர் ஆளோடு போ.”