சிவப்பு உடம்பு ஒன்று, கறுப்பு உடம்பு ஐந்து

எனக்குக் கண் இரண்டும் நன்றாகத் தெரியும், பார்க்கத்தான் தெரியாது. இதை நான் ஒப்புக்கொள்ள ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு தோட்டமே கூடி நிற்க வேண்டியிருந்தது.

கினிகத்தேனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் தற்காலிகக் கணக்கப்பிள்ளை. நிரந்தரமானால்தான் தனி வீடு, அப்புறம்தான் கல்யாணம். கூடையில் ஒரு முற்றல் இலை கிடந்தாலும் கொழுந்து பறிக்கும் பெண்களைத் திட்டித் தீர்ப்பேன் (என்ன வாய் அது!). வண்ணத்துப்பூச்சிப் பைத்தியமான தோட்டத்துத் துரை ஒருநாள் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்புச் சிறகு, சிவப்புப் புள்ளி.

"ஆறு பிடிச்சு வா. கண் சரியா இருந்தா நிரந்தரம்."

"இது லயத்து வீட்டுப் பக்கம் ஈ மாதிரி பறக்குதுங்க தொரை." படத்தை மறுபடி பார்க்கவில்லை.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், கொசுவலை கட்டிய பெட்டியை எல்லோர் முன்னாலும் நீட்டினேன்.

துரை குனிந்து பார்த்தார். "ஒண்ணு சரி. அஞ்சு வேற பூச்சி."

"எங்கண்ணு தப்பாதுங்க தொரை. ஆறும் ஒண்ணுதான்."

முன்வரிசையில் சிவகாமி நின்றாள். முதல் நாள்தான் அவளை இலைக்காகத் திட்டியிருந்தேன். "றெக்கையப் பாக்காதீங்கய்யா, ஒடம்பப் பாருங்க," என்றாள் மெதுவாக.

பார்த்தேன். ஒன்றுக்கு உடம்பு இரத்தச் சிவப்பு. மற்ற ஐந்துக்கும் கன்னங்கறுப்பு. சிறகு மட்டும் அச்சு அசல். 

துரை விளக்கினார். சிவப்பு உடம்புக்காரி விஷம், பறவை தொடாது. மற்றவை வேறொரு கறுப்புப் பூச்சி இனத்துப் பெண்கள். உயிர் பிழைக்க அவளுடைய சேலையைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. சொல்லிவிட்டு வலையைத் திறந்துவிட்டார். நாயுண்ணிப் புதரில் இருந்த கொண்டைக்குருவியின் மூக்கருகிலேயே ஒரு கறுப்பு உடம்புக்காரி போய் உட்கார்ந்தாள். குருவி தலையைத் திருப்பிக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேலையும் மானமும் மறந்தே போய்விட்டன. இந்தச் சேலையை யார் நெய்து கொடுத்தார்கள்? இத்தனை வருடம் இது என் தலைக்கு மேலே பறந்திருக்கிறது, நான் ஈ என்றிருக்கிறேன்.

"குருவிக்கும் தெரியல, உனக்கும் தெரியல," என்றார் துரை. "இன்னும் ஆறு மாசம் தற்காலிகம்." பூச்சிக்கு ஒரு மாதம்.

அந்த ஆறு மாதமும் சிவகாமியிடம் பூச்சி பார்க்கக் கற்றேன். ஏழாவது மாதம் வேலை நிரந்தரம், எங்களுக்குக் கல்யாணம்.

கற்று என்ன? பிறகொரு நாள் ஹட்டன் பஸ் நிலையத்தில், இவள் கட்டியிருந்த அதே நீலச் சேலையில் நின்ற வேறொரு அம்மாவின் கையில் எங்கள் பிள்ளையைக் கொடுத்துவிட்டு டிக்கெட் எடுக்கப் போய்விட்டேன். இப்போதும் நான் பேரப்பிள்ளைகளைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டால் வீடே சேர்ந்து சொல்கிறது: "தாத்தா றெக்கையப் பாத்துட்டாரு."